"நடப்பாரா?"ன்னு கேட்டாங்க, நான் மூத்திரத்த பத்தி பேசினேன்: ஏற்காட்டுல மிளகு மரத்துல இருந்து விழுந்த ஒருத்தரோட 14 மாசம்

நான் சேலத்துல பிசியோதெரபிஸ்ட். வீட்டுக்கே போய் பாக்கற வேலை தான் அதிகம், அஸ்தம்பட்டி, கன்னங்குறிச்சி பக்கம் நெறைய, வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் மலை மேலயும் போவேன். இந்த கேஸ எழுதலாமான்னு அவருகிட்டயும் அவர் சம்சாரத்துகிட்டயும் கேட்டேன், பேரும் ஊரும் வேணாம் தம்பி, மத்தத எல்லாம் எழுதுங்கன்னு சொன்னாங்க, குறிப்பா அந்த மூத்திர விஷயத்த மறைக்காம எழுதுங்கன்னு அவரே சொன்னாரு. அதனால அத தான் அதிகமா எழுதப் போறேன்.

அவருக்கு வயசு 36, என்னய விட ஏழு வயசு மூத்தவரு, அண்ணான்னு தான் கூப்பிடுவேன். காபி எஸ்டேட்ல கூலி வேலை. கார்த்திகை மார்கழில காபி பழம் பறிக்கறது, மழைக்கு முன்னாடி நிழல் மரத்துக்கு கிளை வெட்டறது, மாசி பங்குனில மிளகு. ஏற்காடு பக்கம் மிளகு கொடி சில்வர் ஓக் மரத்துல தான் ஏறி இருக்கும், மரம் நேரா கம்பம் மாதிரி போகும், அதுல ஒத்த மூங்கில் ஏணிய சாத்தி இடுப்புல சாக்க கட்டிக்கிட்டு ஏறணும். அன்னிக்கு காலைல எட்டரை மணி, பனி ஈரம் காயல, ஏணி அடி வழுக்கி சுமார் 20 அடியில இருந்து கீழ வந்துட்டாரு. ரெண்டு குதிகாலும் மொதல்ல தரைய தொட்டு அப்படியே சப்புன்னு உக்காந்த மாதிரி விழுந்தாரு. நெனவு போகல. "இடுப்புக்கு கீழ யாரோ அறுத்து எடுத்துட்ட மாதிரி இருந்துச்சு, கால் எங்க இருக்குன்னே தெரியல"ன்னு பின்னாடி எங்கிட்ட சொன்னாரு.

கூட இருந்த நாலு பேரு ஓடி வந்து, ஒருத்தர் அக்குள்ல கை குடுத்து ஒருத்தர் முழங்காலுக்கு அடியில கை குடுத்து தூக்கி, கம்பளில போட்டு, சரிவுல மேல ரோடு வரைக்கும் கொண்டு வந்து, ஒரு ஜீப்புல பின் சீட்டுல உக்கார வெச்சு, 20 கொண்டை ஊசி வளைவும் இறக்கி சேலத்துக்கு கொண்டு வந்தாங்க. ஒவ்வொரு வளைவுலயும் ஒடம்பு ஒரு பக்கம் சாயும், ரெண்டு பேரு புடிச்சிக்கிட்டு வந்திருக்காங்க. அவங்கள ஒரு வார்த்தை குறை சொல்ல எனக்கு மனசு வரல, கையில இருந்ததெல்லாம் செஞ்சிருக்காங்க, அப்படி தூக்கக்கூடாதுன்னு யாரும் அவங்களுக்கு சொல்லிக் குடுத்ததே இல்ல. மரத்துல இருந்து விழுந்து கால் அசையலன்னா, இல்ல முதுகு கழுத்து வலிக்குதுன்னு சொன்னா, உக்கார வெக்கவே கூடாது, மடக்கி தூக்கவே கூடாது. படுத்த எடத்துலயே அசையாம வெச்சுட்டு 108க்கு போன் பண்ணணும், ஆம்புலன்ஸ் ஆளுங்க ஸ்ட்ரெச்சர் பலகையோட வந்து ஏத்தறது தான் சரி. வேற வழியே இல்லாம நாமளே நகர்த்தியாகணும்னா ஒரு கதவோ பலகையோ எடுத்துட்டு வந்து, ஒரு ஆள் தலையையும் கழுத்தையும் புடிச்சிக்கிட்டு, மத்தவங்க தோள், இடுப்பு, கால புடிச்சிக்கிட்டு, தலைகிட்ட இருக்கறவர் சொல்ற நேரத்துல எல்லாரும் சேர்ந்து மரக்கட்டைய உருட்டற மாதிரி ஒரே துண்டா திருப்பி பலகைல ஏத்தணும். ஒடஞ்ச எலும்பு உள்ள தண்டுவடத்துக்கு பக்கத்துலயே இருக்கு, ஒடம்ப மடக்கற ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் குத்தும்.

எலும்பு வேற, தண்டுவடம் வேற, இத மொதல்ல பிரிச்சு புரிஞ்சிக்கணும். முதுகெலும்புங்கறது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின எலும்பு, அதுக்குள்ள இருக்கற ஓட்டை வழியா மூளைல இருந்து இறங்கி வர்ற நரம்புக் கட்டு தான் தண்டுவடம், சுண்டு விரல் தடிமன் தான் இருக்கும். அது முதுகு முழுக்க கீழ வரைக்கும் போறதில்ல. இடுப்போட மொத ரெண்டு எலும்பு, எல் 1 எல் 2ன்னு சொல்லுவாங்க, அங்கயே முடிஞ்சிடும். அதுக்கு கீழ தனித்தனி நரம்பா தொங்கும், டாக்டர்ங்க குதிரை வால்னு சொல்லுவாங்க, எனக்கு அத பாத்தா ஜடை முடிஞ்ச எடத்துல தொங்கற குஞ்சலம் ஞாபகம் தான் வரும். அண்ணனுக்கு ஒடஞ்சது சரியா எல் 1, அதாவது ஜடை முடிஞ்சு குஞ்சலம் தொடங்கற எடம். ஏன் அங்க? விலா எலும்பு கூட்டால நெஞ்சுப் பகுதி கெட்டியா இருக்கும், இடுப்பு வளையும், ரெண்டும் சேர்ற மூட்டுல தான் அடி எல்லாம் வந்து எறங்கும். ஒயரத்துல இருந்து விழறவங்க நெறைய பேருக்கு ஒடையறது இந்த எடம் தான், கூடவே குதிகால் எலும்பும் ஒடஞ்சிருக்கான்னு பாப்பாங்க, இவருக்கு வலது குதிகால்ல விரிசல் இருந்துச்சு.

சேலத்துல ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்றப்ப மதியம் ஒரு மணி. டியூப் போட்டதும் 900 எம்எல் மூத்திரம் வந்துச்சு. காலைல இருந்து அவரு மூத்திரமே போகல, வயிறு உப்பி இருந்திருக்கு, அவருக்கு முட்டற உணர்ச்சியே இல்ல, கூட இருந்தவங்களும் கவனிக்கல. சிடி, எம்ஆர்ஐ எடுத்ததுல எல் 1 எலும்பு நாலா பக்கமும் வெடிச்சு ஒரு துண்டு பின்னாடி தள்ளி தண்டுவடம் போற ஓட்டைல பாதி எடத்த அடைச்சிருந்துச்சு.

அப்பறம் ஒரு சின்ன டாக்டர் வந்து ஆசனவாய சுத்தி பஞ்சால தொட்டு, குண்டூசியால குத்தி, உள்ள விரல் விட்டும் பாத்தாரு. வீட்டுக்காரங்களுக்கு கோவம், கால் வரல, அங்க எதுக்கு தொட்டு பாக்கறாங்கன்னு. ஆனா அன்னிக்கு செஞ்ச டெஸ்ட்லயே ரொம்ப முக்கியமானது அது தான். தண்டுவடத்தோட கடைசி நுனில இருந்து வர்ற நரம்பு அங்க தான் போகுது, அங்க உணர்ச்சி இருந்தா மேல இருந்து ஏதோ ஒரு இழை இன்னும் அறுபடாம கீழ வரைக்கும் வருதுன்னு அர்த்தம். தண்டுவடக் காயம் எவ்வளவுன்னு அளக்க ஏஷியா ஸ்கேல்னு ஒண்ணு இருக்கு, ஏ ல இருந்து ஈ வரைக்கும். ஏ ன்னா கீழ கடைசி வரைக்கும் அசைவும் இல்ல உணர்ச்சியும் இல்ல. பி ன்னா உணர்ச்சி இருக்கு, அசைவு இல்ல. சி ன்னா அசைவு கொஞ்சம், டி ன்னா நல்லாவே. ஈ ன்னா நார்மல். அண்ணனுக்கு ரெண்டு கால்லயும் ஒரு தசை கூட அசையல, ஆனா பஞ்சு தொட்டது லேசா தெரிஞ்சுது. பி. அந்த ஒரு எழுத்து தான் எனக்கு பின்னாடி அத்தன மாசமும் தைரியம் குடுத்துச்சு.

விழுந்த நொடில ஆன சேதம் ஒரு பங்கு தான், மீதி சேதம் அதுக்கப்பறம் மணிக்கணக்கா, நாள்கணக்கா நடக்கும், இத நெறைய பேரு யோசிக்கறதில்ல. அடிபட்ட எடம் வீங்கும், சுத்தி எலும்பு இருக்கறதால வீங்க எடம் இல்ல, அதனால ரத்த ஓட்டம் நசுங்கும், செத்த செல்லுல இருந்து குளுட்டமேட்டுன்னு ஒரு பொருள் வெளிய கொட்டி, பக்கத்துல நல்லா இருக்கற செல்லுக்குள்ள கால்சியம் அளவுக்கு மீறி பூந்து அதையும் சாகடிக்கும். அதனால தான் மொத ஒரு வாரம் பிபி கொறையவே விடாம பாத்துக்கறாங்க, தண்டுவடத்துக்கு ரத்தம் போய்கிட்டே இருக்கணும். ஆபரேஷனும் முடிஞ்சா 24 மணி நேரத்துக்குள்ள பண்ணி அழுத்தத்த எடுக்கறது நல்லதுன்னு இப்ப சொல்றாங்க. இவருக்கு மூணாம் நாள் காலைல தான் நடந்துச்சு, பின் பக்கமா தெறந்து எலும்புத் துண்டோட அழுத்தத்த எடுத்து, மேலயும் கீழயும் ஸ்க்ரூ போட்டு ராடு வெச்சு நிமித்தினாங்க. ஆபரேஷன் அறுந்த நரம்ப ஒட்ட வெக்கறதில்ல, அழுத்தத்த எடுத்து, எலும்ப ஆடாம நிறுத்தி, சீக்கிரம் உக்கார வெக்கறதுக்கு வழி பண்ணும், அவ்ளோ தான். "ஆபரேஷன் பண்ணியும் கால் வரலயே, தப்பா பண்ணிட்டாங்களா"ன்னு அவங்க மச்சான் எங்கிட்ட பல தடவ கேட்டாரு.

அதே மச்சான், ஸ்டிராய்டு ஊசி போட்டா சரியாயிடும்னு யாரோ சொன்னாங்க, ஏன் போடலன்னும் கேட்டாரு. 1990ல வந்த ஒரு ஆராய்ச்சிக்கு அப்பறம் பல வருஷம் உலகம் பூரா அந்த பெரிய டோஸ் ஸ்டிராய்டு போட்டாங்க தான். அப்பறம் பாத்தா பலன் ரொம்ப கம்மி, இன்பெக்‌ஷனும் வயித்துல ரத்தக் கசிவும் தான் அதிகம்னு தெரிஞ்சு, 2013ல அமெரிக்க நியூரோ சர்ஜன்களோட வழிகாட்டுதல்லயே வேணாம்னு சொல்லிட்டாங்க. போடாம விட்டது அலட்சியம் இல்லன்னு அவருக்கு புரிய வெச்சேன்.

16ஆம் நாள் டிஸ்சார்ஜ். நான் மொத தடவ அவங்க வீட்டுக்கு போனது 19ஆம் நாள். ரோட்டுல வண்டிய நிறுத்திட்டு கீழ இறங்கணும், 11 கல் படி, அதுக்கப்பறம் மண் பாதை, ஆஸ்பத்திரில குடுத்த வீல் சேர் படிக்கு மேலயே சாக்கு போத்தி நிக்குது. உள்ள போனதும் அவரு சம்சாரம், அக்கான்னு தான் கூப்பிடுவேன், கேட்ட மொத கேள்வி, "தம்பி, இவரு நடப்பாரா?"

நான் பதில் சொல்லல, அவர திருப்பி படுக்க வெச்சு முதுகு கீழ்ப்பக்கம் பாத்தேன். வால் எலும்பு மேல அஞ்சு ரூவா காசு அளவுக்கு தோல் உரிஞ்சு செவந்து ஓரம் கறுத்து இருந்துச்சு. படுக்கைப் புண். எந்த நாள்ல வந்துச்சுன்னு அக்காவுக்கு தெரியல, ஆஸ்பத்திரிலயும் யாரும் திருப்பி பாத்து காட்டல. நம்ம எல்லாம் தூக்கத்துலயும் புரண்டு புரண்டு படுக்கறோம், ஏன்னா அழுந்தற எடம் வலிக்கும். அவருக்கு வலியே வராது, எலும்புக்கும் பாய்க்கும் நடுவுல தோல் நசுங்கி ரத்தம் போகாம மணிக்கணக்குல கெடந்து அப்படியே செத்துப்போகும். காத்தடிச்ச வட்ட டியூப் ஒண்ணு வாங்கி புண்ணு நடுவுல வர்ற மாதிரி வெச்சிருந்தாங்க, அத உடனே எடுக்கச் சொன்னேன், வட்டத்தோட விளிம்பு சுத்தி ரத்தத்த தடுத்து புண்ண இன்னும் பெருசாக்கும்.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ திருப்பணும்னு சொன்னேன். சொல்லிட்டு வந்துட்டேன், செய்யறது யாரு? அந்த அக்கா. காலைல ரெண்டு மாட்ட பாக்கணும், புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பணும், எஸ்டேட்ல அரை நாள் கூலிக்கு போகணும், அவங்க இல்லாதப்ப மாமியார் திருப்பணும். பகல்ல பஸ் ஹாரன் சத்தத்த வெச்சு கணக்கு பண்ணினாங்க, ராத்திரி பத்து, பன்னெண்டு, ரெண்டு, நாலுன்னு போன்ல அலாரம். ஏழாவது படிக்கற பொண்ணு ஒரு நோட்டு போட்டு இடது, வலது, குப்புறன்னு நேரத்தோட எழுதி வெச்சுது. அந்த புண்ணு ஆற ஒன்பது வாரம் ஆச்சு. ஒன்பது வாரமும் ஒரு ராத்திரி கூட அவங்க முழுசா தூங்கல, நான் எத்தனையோ கேஸ் பாத்திருக்கேன், இவங்கள மாதிரி ஒருத்தர பாத்ததில்ல.

அடுத்தது மூத்திரம். நரம்பு அடிபட்டது ஜடை நுனில, அந்த நுனில தான் மூத்திரப்பை, மலம், ஆண்மை மூணுக்குமான கண்ட்ரோல் இருக்கு. மேல கழுத்துலயோ நெஞ்சுலயோ அடிபட்டா மூத்திரப்பை தானா சுருங்கி சுருங்கி கசியும், இங்க அடிபட்டா பை தளர்ந்து போய் ரப்பர் பலூன் மாதிரி நெறைஞ்சுகிட்டே இருக்கும், நெறைஞ்சு வழியறது தான் வெளிய வரும். வழியறத பாத்துட்டு மூத்திரம் போறாருன்னு வீட்ல சந்தோஷப்படுவாங்க, உள்ள அரை லிட்டர் தேங்கி கெட்டுப் போயிட்டு இருக்கும், அழுத்தம் அதிகமாச்சுன்னா பின்னாடி கிட்னிக்கு ஏறும். ஒரு காலத்துல தண்டுவடம் அடிபட்டவங்க அதிகமா செத்தது கிட்னி கெட்டு தான், கால் வராததால இல்ல. வயித்த அமுக்கி வெளிய எடுக்கற பழக்கம் சிலர்கிட்ட இருக்கு, அதுவும் கூடாது, அமுக்கற அழுத்தம் மேல கிட்னிக்கும் தான் போகும்.

யூராலஜி டாக்டர் நிரந்தர டியூப எடுத்துட்டு, ஒரு நாளைக்கு அஞ்சு தடவ அவரே சின்ன டியூப் விட்டு காலி பண்ணி எடுத்துடற முறைய சொன்னாரு. 1972ல லாப்பிடெஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர் எழுதின பிறகு தான் இந்த முறை பரவுச்சு, ஆபரேஷன் தியேட்டர் மாதிரி சுத்தம் வேணாம், சோப்பு போட்டு கை கழுவி சுத்தமா பண்ணினா போதும், பைய நெறைய விடாம நேரத்துக்கு காலி பண்றது தான் முக்கியம்னு அவரு காட்டினாரு. அண்ணன் ஒரு வாரம் முடியவே முடியாதுன்னு சொல்லிட்டாரு. தன் கையால அங்க டியூப் விடறத நெனச்சாலே அவருக்கு ஒடம்பு கூசுது, அதுவும் பொண்டாட்டி முன்னாடி. நான் அக்காவ வெளிய இருக்க சொல்லிட்டு, கதவ சாத்திட்டு, ஒரு மணி நேரம் அவரோட உக்காந்தேன். ஜெல் தடவி, மெதுவா, தடுத்தா இழுத்து மூச்சு விட்டு காத்திருந்து, திரும்ப தள்ளி. மொத தடவ 420 எம்எல் அளவு ஜார்ல விழுந்தப்ப அவரு அழுதுட்டாரு. நானும் தான்.

அதுல இருந்து கணக்கு தான். ஒரு தடவைக்கு 400 தாண்டக்கூடாது, தாண்டினா நேரத்த கிட்ட கொண்டு வரணும். தண்ணி ஒரு நாளைக்கு ரெண்டு லிட்டர் கிட்ட, சாயங்காலத்துக்கு மேல கம்மி. மூணாவது மாசம் உறவுல ஒரு கல்யாணம், அங்க எடம் இருக்காதுன்னு காலைல இருந்து தண்ணியே குடிக்காம, டியூபும் விடாம போய்ட்டு வந்தாரு, ரெண்டாம் நாள் குளிர் ஜுரம், மூத்திரம் கலங்கி நாத்தம், அஞ்சு நாள் ஆஸ்பத்திரி. அதுக்கப்பறம் எங்க போனாலும் ஒரு துணிப் பை, அதுல டியூப், சோப்பு, ஜார், துண்டு. மலத்துக்கு காலைல காபி குடிச்சு அரை மணி நேரம் கழிச்சு, கையுறை போட்டு விரலால எடுக்கற பழக்கம், தெனமும் அதே நேரம், ராகி களியும் கீரையும் விடாம. ஆண்மை பத்தி ஆறாவது மாசம் தான் கேட்டாரு, நான் அவரு கேக்கற வரைக்கும் காத்திருந்தேன், அது என் தப்பு, நானே முன்னாடி ஆரம்பிச்சிருக்கணும். மாத்திரை இருக்கு, வேற வழியும் இருக்கு, யூராலஜி டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்தே போங்கன்னு அனுப்பி வெச்சேன், போனாங்க.

கால் விஷயத்துல நல்ல சேதி அஞ்சாவது வாரம் வந்துச்சு. இடது தொடைய மேல இழுக்கற தசை லேசா துடிச்சுது. குஞ்சலம் மாதிரி தொங்கற நரம்பு தண்டுவடத்த விட நல்லா மீளும், அதனால எல் 1 அடில கால் ஓரளவு திரும்பி மூத்திரம் திரும்பாம போறது நடக்கும், இவருக்கும் அப்படி தான் ஆச்சு. மூணாவது மாசம் முட்டிய நீட்ட முடிஞ்சுது. தம்பிக்காரரு ரெண்டு நீள மூங்கில முற்றத்துல நட்டு இடுப்பு ஒயரத்துல புடிச்சு நடக்க கம்பி கட்டிக் குடுத்தாரு, சேலத்துல காசு குடுத்து நான் பாத்த எந்த கம்பிக்கும் அது கொறைஞ்சதில்ல. கணுக்கால் மட்டும் ரெண்டுலயும் வரல, பாதம் தொங்கும், அதுக்கு பிளாஸ்டிக் பட்டை செஞ்சு ஷூவுக்குள்ள போட்டோம்.

நடுவுல ஒரு நாள், ஊர்ல இருந்து வந்த அத்தை ஒருத்தங்க பாசத்துல நொச்சி இலைய வதக்கி மணலோட துணில கட்டி பாதத்துக்கு ஒத்தடம் குடுத்திருக்காங்க. அவருக்கு சூடு தெரியல. சாயங்காலம் பாத்தா பாதம் பூரா கொப்புளம், ஆற ஒரு மாசம், அந்த ஒரு மாசமும் நடை பயிற்சி நின்னுடுச்சு. உணர்ச்சி இல்லாத எடத்துல ஒத்தடம், சுடுதண்ணி பை, அடுப்பு பக்கம், எதுவுமே வேணாம். இன்னொரு பக்கம் ஸ்டெம் செல் ஊசி போட்டா நடந்துடலாம்னு ஒரு விளம்பரம், மூணு லட்சம், மாட்டையும் அக்கா நகையையும் வித்துடலாம்னு பேச்சு ஆரம்பிச்சுடுச்சு. ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சி நிலைல தான் இருக்கு, ஆராய்ச்சில சேர்க்கறவங்க நோயாளிகிட்ட காசு கேக்கக்கூடாதுன்னு சொல்லி சொல்லி தடுத்தேன். அந்த மூணு லட்சம் போயிருந்தா இன்னிக்கு அந்த வீட்ல பால் வருமானமும் இல்ல.

பணம் விஷயம் எனக்கு இன்னும் மனசு ஆறல. ரோடு விபத்துன்னா அரசு திட்டத்துல மொத 48 மணி நேர செலவ பாத்துக்கறாங்க, மரத்துல இருந்து விழுந்தா அதுல வராது. வேலை குடுத்தவங்க "அவரு காண்ட்ராக்ட் ஆளு, எங்க கணக்குல இல்ல"ன்னுட்டாங்க. காபி எஸ்டேட் வேலை 1923ஆம் வருஷ தொழிலாளர் இழப்பீட்டு சட்டத்துலயே பட்டியல்ல இருந்துச்சு, 2025 நவம்பர்ல அதுக்கு பதிலா சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்பு வந்துடுச்சு, காண்ட்ராக்ட் ஆளா இருந்தாலும் கேக்க உரிமை உண்டு, இப்ப ஒரு வக்கீல் மூலமா மனு போட்டிருக்காங்க. மாற்றுத்திறனாளி அட்டை ஏழாவது மாசம் வந்துச்சு. அரசோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் மூலமா வீட்டுக்கே பிசியோ வர்ற வசதி இருக்குன்னு தெரியாம மொத ரெண்டு மாசம் எனக்கு கூலிய மிச்சம் புடிச்சு குடுத்தாங்க, தெரிஞ்சப்பறம் நானே எழுதிக் குடுத்தேன், இப்ப ரெண்டு பேரும் மாறி மாறி போறோம்.

நாலாவது மாசம் ஒரு நாள், இப்படி ஒரு ஒடம்ப வெச்சிக்கிட்டு என்ன பண்றதுன்னு செவுத்த பாத்து படுத்துட்டாரு, ரெண்டு நாள் டியூப் கூட விடல. அன்னிக்கு மேரி வர்கீஸ் டாக்டர் கதைய சொன்னேன். வேலூர்ல டாக்டரா இருந்தவங்க, 1954ல கார் விபத்துல தண்டுவடம் அடிபட்டு கால் ரெண்டும் போச்சு. அதுக்கப்பறம் வீல் சேர்ல உக்காந்தே தொழுநோயாளிங்க கைக்கு ஆபரேஷன் பண்ணினாங்க, அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வந்து, 1966ல வேலூர்ல தொடங்கின மறுவாழ்வு மையத்துக்கு அவங்க தான் முதுகெலும்பு. அண்ணன் எல்லாத்தையும் கேட்டுட்டு, "அவங்க மூத்திரத்துக்கு என்ன பண்ணினாங்க தம்பி?"ன்னு கேட்டாரு. எனக்கு தெரியல. ஆனா கேட்டுட்டு எழுந்து உக்காந்து டியூப எடுத்தாரு.

இப்ப 14 மாசம். ஏஷியா ஸ்கேல்ல டி. பாதத்துக்கு பட்டையும் கையில ரெண்டு ஊன்றுகோலும் வெச்சு முற்றத்துல நடக்கறாரு, 11 படிய ஒரு கை கம்பிலயும் ஒரு கை தம்பி தோள்லயும் வெச்சு ஏறிடறாரு, வீல் சேர் மேல ரோட்டுல தான் நிக்குது, டவுனுக்கு போக. மூத்திரம் திரும்பல, டாக்டர் இனிமே வர்றது கஷ்டம்னு சொல்லிட்டாரு, கிட்னி ஸ்கேனும், கிட்னிக்கான ரத்த டெஸ்ட் கிரியாட்டினினும் நல்லா இருக்கு, அடுத்த ஸ்கேன் ஐப்பசில. இந்த மாசி மிளகுக்கு எஸ்டேட் களத்துல உக்காந்து காய்ஞ்ச மிளக புடைச்சு பிரிக்கற வேலை கெடச்சிருக்கு, கீழ தடி மெத்தை போட்டு, அரை மணிக்கு ஒரு தடவ ரெண்டு கையையும் ஊன்றி இடுப்ப தூக்கி தூக்கி எறக்கிக்கறாரு. ஏணில ஏறற பசங்கள இடுப்புல கயிறு கட்டாம ஏற விடறதில்ல, கத்தற கத்துல மேஸ்திரியே ரெண்டு கயிறு வாங்கிட்டு வந்துட்டாரு. போன வாரம் நான் போனப்ப பொண்ணு நாலாவது நோட்ட காட்டுச்சு, இப்ப அதுல மூத்திர அளவு தான், எம்எல் கணக்குல. காலைல ஆறு மணி 350, பதினொன்னு 380, மூணு மணி 300, ஏழு 340, ராத்திரி பத்தரை 310.